எம்.எஸ்.ஸா? எந்த யுனிவர்சிட்டி?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டலை. ஆபீஸ்ல ஆணி அதிகம்ங்கிறது பாதி உண்மை. மீதிப் பாதிதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாப் போகும். டீயோ காப்பியோ எடுத்து வச்சுக்கிட்டு உட்காருங்க.

2017-ல எங்க அக்காவுக்கு எம்.எஸ். இருக்குன்னு டாக்டர் சொன்னதும், அம்மா சொந்தக்காரங்களுக்கு ஒவ்வொருத்தரா போன் போட்டுச் சொன்னாங்க. ஒரு மாமா ரொம்ப சந்தோஷமாக் கேட்டார். "அப்படியா! எந்த யுனிவர்சிட்டி? அமெரிக்காவா, ஜெர்மனியா?" வீட்டுல இன்ஜினியரிங் படிக்கிற பையன் ஒருத்தன் (அடியேன்தான்) இருந்ததால வந்த குழப்பம். அம்மா பதில் சொல்லாம போனை என் கையில குடுத்துட்டாங்க. என்ன சொல்றதுன்னு தெரியாம, "நரம்பு சம்பந்தமா மாமா"ன்னேன். "நியூராலஜியா? நல்ல படிப்பாச்சே"ன்னார். இன்னிக்கு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது அக்காதான். அன்னிக்கு வீட்டுல யாரும் சிரிக்கலை.

எங்க ஊர் புன்னைக்காயல். தாமிரபரணி கடல்ல கலக்கிற இடம். தூத்துக்குடியில இருந்து ஆத்தூர் பக்கமா வந்து கடலைப் பார்த்துத் திரும்பினா, ரோடு முடியிற இடத்துல ஊர். நான் சென்னையில பொட்டி தட்டுறேன். அக்கா ஊர்லதான், அப்பா அம்மாவோட இருக்கா.

போன வருஷத்துல இருந்து, தமிழ் பேசுற எம்.எஸ். உள்ளவங்க கொஞ்சப் பேர் வாட்ஸப்ல ஒண்ணு சேர்ந்திருக்காங்க. மாசம் ஒரு தடவை இணையத்துல தமிழ்லயே ஒரு பேச்சு வைக்கலாம்னு பேச்சு வந்தது. "என் தம்பி கம்ப்யூட்டர்ல வேலை பாக்கான், அவன் பாத்துக்கிடுவான்"னு அக்கா என் தலையில கட்டிட்டா.

நானும் ஒரு ராத்திரி உட்கார்ந்து எக்ஸெல்ல அழகாத் திட்டம் போட்டேன். ஞாயிறு மதியம் மூணு மணி. ஒன்றரை மணி நேரம். ஒரு நரம்பியல் டாக்டர், நாற்பது ஸ்லைடு, கடைசி பத்து நிமிஷம் கேள்வி நேரம். எல்லாரும் கேமரா ஆன். அனுப்பிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தேன். அக்கா போன் பண்ணினா.

"இது உங்க ஆபீஸ் மீட்டிங்குல. இதுல நாங்க எங்கல இருக்கோம்?"

எனக்குக் கொஞ்சம் கோவம்தான். "சரி, நீயே சொல்லு"ன்னேன். "நான் சொல்ல மாட்டேன். எங்களுக்கு முன்னாடி இருந்தவுக என்ன பாடு பட்டாவன்னு போய்ப் படிச்சிட்டு வா"ன்னு வச்சுட்டா. படிச்சேன். படிச்சதுல பிடிபட்டதைத்தான் இங்க எழுதறேன். இந்த நோயோட வரலாறைப் புரட்டினா மருந்து, ஸ்கேன் எல்லாம் வரும். ஆனா என் கண்ணுல பட்டது வேற: யார் பேசினாங்க, யார் கேட்டாங்க?

முதல்ல, தெரியாதவங்களுக்காக நாலு வரி. மூளையில இருந்தும் தண்டுவடத்துல இருந்தும் போற நரம்பு இழைகளுக்கு மேல மயலின்னு ஒரு உறை உண்டு. ஒயருக்கு மேல இன்சுலேஷன் மாதிரி. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே ஆள் தெரியாம அந்த உறையைத் தாக்குறதுதான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமா எம்.எஸ். எந்த இடத்துல உறை போகுதோ அதுக்குத் தக்கபடி தொந்தரவு. ஒருத்தருக்குக் கண் மங்கும், ஒருத்தருக்குக் கால் மரத்துப் போகும், ஒருத்தருக்கு அசதி ஆளையே சாய்ச்சுடும். பல பேருக்கு வரும், போகும், மறுபடி வரும். தொத்தாது. பெரும்பாலும் 20 வயசுக்கும் 40 வயசுக்கும் நடுவுல ஆரம்பிக்கும். ஆண்களை விடப் பெண்களுக்கு ரெண்டு மடங்குக்கும் மேல. 2020-ல வந்த உலகக் கணக்குப்படி சுமார் 28 லட்சம் பேர்.

இப்ப கொசுவத்தி சுத்துவோம். இருநூறு வருஷம் பின்னாடி, இங்கிலாந்து.

அகஸ்டஸ் டெஸ்டேன்னு ஒருத்தர். 1794-ல பிறந்தவர். மூணாம் ஜார்ஜ் மன்னருக்குப் பேரன். 1822-ல ஒரு உறவினர் சாவுக்குப் போன இடத்துல, அழுகையை அடக்கிக்கிட்டு நிக்கிறப்போ கண் மங்கிப் போச்சு. கொஞ்ச நாள்ல தானாவே சரியாச்சு. 1827-ல இத்தாலியில பொருள் எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சது. அப்புறம் கால் தடுமாற்றம், மரத்துப் போறது, கடைசியில சக்கர நாற்காலி. இதையெல்லாம் அவர் இருபது வருஷத்துக்கு மேல டைரியில எழுதி வச்சார். வந்து பார்த்த டாக்டருங்க ஆளுக்கொரு வைத்தியம் சொன்னாங்க. யாருக்கும் நோயோட பேர் தெரியலை. ஏன்னா அப்ப அதுக்குப் பேரே கிடையாது. 1848-ல இறந்துட்டார். அந்த டைரியை வச்சு ஒரு புத்தகம் வந்தது சரியா நூறு வருஷம் கழிச்சு, 1948-ல. எம்.எஸ். உள்ள ஒருத்தர் தன் நோயைப் பத்தித் தானே எழுதி நமக்குக் கிடைச்சதுல மிகப் பழசுல ஒண்ணு அது. அரச வம்சம், பணம், டாக்டர் எதுக்கும் குறைவில்லை. ஆனா தன்னைப் போல இன்னொருத்தர் உலகத்துல இருக்காரான்னு அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. பேசினார், கேட்க ஆளில்லை.

அடுத்து பாரிஸ். சால்பெத்ரியேர்னு பெரிய ஆஸ்பத்திரி. ஒரு காலத்துல வெடிமருந்துக் கிடங்கா இருந்து, அப்புறம் ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்களை வச்சிருந்த இடம். அங்கதான் ழான் மார்ட்டின் ஷார்கோ வேலை பார்த்தார். இந்த நோயாளிகளோட மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்த தழும்புகளை அவருக்கு முன்னாடியே 1830-கள்ல கார்ஸ்வெல், க்ரூவெய்யேன்னு ரெண்டு பேர் படமா வரைஞ்சிருந்தாங்க. ஆனா உயிரோட இருக்கிறப்போ தெரியிற அறிகுறியையும் செத்த பிறகு உள்ளே தெரியிற தழும்பையும் சேர்த்து வச்சு, இது தனி நோய்னு 1868-ல தெளிவாச் சொன்னவர் ஷார்கோ.

ஷார்கோவோட விரிவுரைன்னா அந்தக் காலத்துல பாரிஸ்ல பெரிய விஷயம். வெளிநாட்டுல இருந்தெல்லாம் வந்து உட்காருவாங்க. 1887-ல ப்ரூயேங்கிற ஓவியர் அப்படி ஒரு வகுப்பை வரைஞ்ச படம் ரொம்பப் பிரபலம். அதுல இருக்கிற நோயாளி ஹிஸ்டீரியா நோயாளி, எம்.எஸ். இல்லை. ஆனா உட்காரும் முறையைக் கவனிங்க. கோட்டு போட்ட ஆம்பளைங்க வரிசையா உட்கார்ந்து பார்க்கிறாங்க. நடுவுல ஷார்கோ பேசுறார். பக்கத்துல ஒரு பெண் மயங்கிச் சாய்ஞ்சு நிக்கிறா. அவளைப் பத்தித்தான் பேச்சு. அவ பேச்சு அதுல எங்கேயும் கிடையாது.

ஷார்கோகிட்ட கொஞ்ச நாள் படிச்ச ஒருத்தர், ஷார்கோ இறந்தப்போ 1893-ல அஞ்சலிக் கட்டுரை எழுதினார். அவர் வேற யாருமில்லை, சிக்மண்ட் ஃப்ராய்ட். அதுல ஒரு சம்பவம் வருது. கை நடுங்குற ஒரு பெண்ணை ஷார்கோ தன் வீட்டு வேலைக்கு வச்சிருந்தார். நடுக்கத்துல அவ தட்டும் கிண்ணமுமா போட்டு உடைச்சதுல அவருக்கு ஏகப்பட்ட நஷ்டம். ஆனாலும் அனுப்பலை. கடைசியில அவ இறந்த பிறகு பரிசோதனை பண்ணி, அந்த நடுக்கத்துக்குக் காரணம் இந்தத் தழும்பு நோய்தான்னு நிரூபிச்சார். ஃப்ராய்ட் இதை ஷார்கோவோட பொறுமைக்கு உதாரணமாச் சொல்றார். எனக்கு வேற கேள்விதான் வந்தது. அந்தப் பொண்ணு பேர் என்ன? ஒவ்வொரு தட்டு உடையிறப்பவும் அவ என்ன நினைச்சிருப்பா? தன்னை எதுக்கு வேலையில வச்சிருக்காருன்னு அவளுக்குத் தெரியுமா? கட்டுரையில பதில் இல்லை.

இதை அக்காகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. "நானும் டம்ளரு ஒடச்சிருக்கேம்ல"ன்னா. அவ்வளவுதான்.

இங்கதான் என் எக்ஸெல் எனக்கே இடிச்சது. டாக்டர் பேசுவார், நாற்பது ஸ்லைடு போடுவார், நோயாளிங்க பேசாம உட்கார்ந்திருப்பாங்க, கடைசியில பத்து நிமிஷம் பிச்சை. நூத்தம்பது வருஷம் கழிச்சு அதே வகுப்பு. கட்டடத்துக்குப் பதிலா ஜூம்.

இந்த உட்காரும் முறையை மாத்தினது ஒரு அக்கா. நியூயார்க்ல சில்வியா லாரின்னு ஒரு பெண். அவங்க தம்பி பெர்னார்டுக்கு எம்.எஸ். 1945-ல நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில சின்னதா ஒரு வரி விளம்பரம் குடுத்தாங்க. இந்த நோயில இருந்து குணமானவங்க யாராவது இருந்தா தொடர்பு கொள்ளுங்கன்னு. ஐம்பதுக்கு மேல பதில் வந்துச்சாம். ஆனா குணமாகிட்டேன்னு சொல்ல யாரும் எழுதலை. எழுதினவங்களும் அதே ஆளைத்தான் தேடிக்கிட்டு இருந்தாங்க!

நாமளா இருந்தா அத்தோட விட்டிருப்போம். லாரி அந்தக் கடிதங்களை வச்சே 1946-ல ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டினாங்க. 1967-ல பல நாட்டுச் சங்கங்கள் சேர்ந்து சர்வதேசக் கூட்டமைப்பு வந்ததுக்குப் பின்னாடியும் அவங்கதான். நோயோட போக்கையே மாத்துற முதல் மருந்துக்கு, இன்டர்ஃபெரான் வகை ஊசி, அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது 1993-ல. அதாவது விளம்பரத்துக்கும் மருந்துக்கும் நடுவுல 48 வருஷம். அந்த 48 வருஷமும் ஜனங்களுக்குக் கிடைச்சது ஒருத்தர் இன்னொருத்தர் குரலைக் கேட்டதுதான்.

சரி, நம்ம பக்கம் வருவோம்.

இந்த நோய் குளிர் தேசத்துல அதிகம், வெயில் தேசத்துல குறைவு. இது உண்மைதான். ஆனா "குறைவு"ங்கிறது நம்ம ஊர்ல "கிடையாது"ன்னு ஆகிப்போச்சு. தழும்பை உயிரோட இருக்கிறவங்க மூளையில காட்டுற எம்.ஆர்.ஐ. வர்ற வரைக்கும் கண்டுபிடிக்கிறதும் கஷ்டம். அது இந்தியாவுக்கு வந்ததே 1980-களோட பின்பாதியில. அதே காலத்துல, 1985-ல, மும்பையில இந்திய எம்.எஸ். சங்கம் ஆரம்பிச்சாங்க. இப்ப சென்னை உட்படப் பல நகரங்கள்ல கிளை இருக்கு. சட்டம் இன்னும் லேட்டு. 1995-ல வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல மொத்தம் ஏழு வகைக் குறைபாடுதான், எம்.எஸ். அதுல இல்லை. 2016 சட்டத்துல 21 வகை. அதுல எம்.எஸ். பேர் சொல்லியே இருக்கு. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல்ல. அக்காவோட நோய்க்குப் பேர் தெரிஞ்சதும், அந்தப் பேர் சட்டத்துல செல்லுபடியானதும் ஒரே வருஷம்.

தமிழ்ல பேர்? அரசு அறிவிப்புகள்ல "தண்டுவட மரப்பு நோய்"னு போடுறாங்க. மூளையிலயும்தான் வருது, பேர்ல தண்டுவடம் மட்டும் இருக்கு. இருந்தாலும் ஒரு பேர் இருக்கிறது நல்லதுதான். ஆனா பேச்சுத் தமிழ்ல? எங்க ஊர்ல அக்காவை "அந்த நரம்புக்காரி"ம்பாங்க. ஒருத்தர் வாதம்பார். இன்னொருத்தர் செய்வினைம்பார். அவ மதியம் படுத்திருந்தா சோம்பேறி. அசதிங்கிறது இந்த நோயோட முக்கியமான அறிகுறின்னு தமிழ்ல அவங்களுக்குச் சொல்ல யாருமில்லை. அக்காவுக்கே முதல் ரெண்டு வருஷம் தெரியாது. அவளுக்குக் கிடைச்ச கையேடு எல்லாம் இங்கிலீஷ்ல இருந்தது.

இந்த இடத்துல எங்க ஊர்ப் பெருமை கொஞ்சம் பேசணும், பொறுத்துக்கோங்க. இது விஷயத்தோட சேர்ந்ததுதான்.

புன்னைக்காயல் 16-ஆம் நூற்றாண்டுல முத்துக்குளித்துறையில பெரிய ஊர். போர்ச்சுகீசியர் இந்தக் கரையில தலைமை இடமா வச்சிருந்தது தூத்துக்குடிக்கு முன்னாடி எங்க ஊரைத்தான். 1542-ல சவேரியார் இந்தக் கரைக்கு வந்தப்போ அவருக்குத் தமிழ் தெரியாது. ரெண்டு மொழியும் தெரிஞ்சவங்களை வச்சு ஜெபங்களைத் தமிழ்ல மாத்தி, மனப்பாடம் பண்ணி, கையில மணி அடிச்சுக்கிட்டே தெருத்தெருவாச் சொல்லிக்கிட்டுப் போனார். அவர் சொன்னதை ஜனங்க கேட்டாங்க. ஜனங்க சொன்னது அவருக்கு எவ்வளவு புரிஞ்சிருக்கும்?

அஞ்சு வருஷத்துக்குள்ள வந்தவர் ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார். அவர் முதல்ல பண்ணின வேலை, உட்கார்ந்து தமிழ் படிச்சது. படிச்சதோட இல்லாம, பின்னாடி வர்றவங்களுக்காக இலக்கணமும் எழுதினார். 1578-ல கொல்லத்துல அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் தமிழாக்கினதுதான். இந்திய மொழி ஒண்ணு தன் எழுத்துலயே இந்தியாவில அச்சேறினதுல நமக்குக் கிடைச்ச முதல் புத்தகம் அது. பலருக்கு இது தெரியும். அதே மனுஷன் அந்த நூற்றாண்டு நடுவுல, ஊர்க்காரங்க குடுத்த காசை வச்சு புன்னைக்காயல்ல ஒரு ஆஸ்பத்திரி நடத்தினார்ங்கிறது அவ்வளவாத் தெரியாது. 1600-ல எங்க ஊர்லதான் இறந்தார்.

மதம் மாத்த வந்தவர்தானேன்னு கேட்பீங்க. ஆமா. அதுல எனக்குச் சண்டை இல்லை. நான் எடுத்துக்கிட்டது ஒண்ணுதான். மனப்பாடம் பண்ணிச் சொல்றவர் பேசிட்டுப் போயிடலாம். ஜனங்க பதில் சொன்னா புரியணும்னு நினைக்கிறவர் மொழியைப் படிச்சே ஆகணும். இங்கிலீஷ் ஸ்லைடு நாற்பதைத் தமிழ்ல வாசிச்சுக் காட்டினா அது முதல் வகை. அக்கா கேட்டது ரெண்டாவது.

இப்ப மூணு மணி விவகாரத்துக்கு வரேன். 1890-ல ஊத்தாஃப்னு ஒரு ஜெர்மன் கண் டாக்டர் ஒரு விஷயத்தைக் கவனிச்சார். எம்.எஸ். உள்ளவங்க உடம்பை வருத்தி வேலை செஞ்சா கண் கொஞ்ச நேரம் மங்குது, ஓய்வெடுத்தா திரும்புது. களைப்புதான் காரணம்னு அவர் நினைச்சார். உடம்புச் சூடு ஏறுறதுதான் காரணம்னு பின்னாடி தெரிஞ்சது. உறை போன நரம்புல, சூடு லேசா ஏறினாலும் சிக்னல் தடுமாறும். ஸ்கேன் வர்றதுக்கு முன்னாடி, சந்தேகப்பட்ட ஆளைச் சுடுதண்ணித் தொட்டியில உட்கார வச்சுக்கூடப் பரிசோதனை பண்ணியிருக்காங்க. சூடு இறங்கினா சரியாயிடும், புதுசா சேதம் இல்லை. ஆனா அந்த நேரத்துக்கு ஆள் காலி.

புன்னைக்காயல்ல மே மாசம், மதியம் மூணு மணி. தகரக் கூரை. கரண்ட் எப்பப் போகும்னு தெரியாது. "அந்நேரம் எனக்கு ஒரு கண்ணு பாதிதாம்ல தெரியும், நீ ஸ்லைடு காட்டுதேங்க"ன்னா அக்கா. எட்டு வருஷமா அவ தம்பி நான். எனக்கு இது தெரிஞ்சிருக்கணும். அவ மதியம் படுக்கிறதை நானும் ஒரு காலத்துல சோம்பேறித்தனம்னு நினைச்சவன்தான். இதை எழுதும்போதே வெட்கமா இருக்கு.

இன்னொண்ணு. இணையம் வந்துட்டா எல்லாம் சரியாயிடும்னு என்னைப் போல ஆளுங்களுக்கு ஒரு நினைப்பு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகள்ல தூத்துக்குடி மாவட்டத்துல பெய்ஞ்ச மழையை மறந்திருக்க மாட்டீங்க. பக்கத்துக் காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறி வந்து எங்க ஊருக்கு வர்ற ரோட்டை அறுத்துட்டுப் போயிடுச்சு. கரண்ட் இல்லை, டவர் இல்லை. நாலு நாள் வீட்டோட பேச முடியலை. அக்கா அப்பப் போட்டுக்கிட்டு இருந்த ஊசி ஃப்ரிட்ஜுல இருக்கணும். சூடாகவும் கூடாது, உறையவும் கூடாது. மீன் ஊர்ல ஐஸுக்கா பஞ்சம்னு கேட்கலாம். ஐஸ் ஃபாக்டரிக்கும் கரண்ட் வேணுமே. ரெண்டு ஊசி போடாமப் போச்சு. சென்னையில போனைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்த எனக்கு ஞாபகம் இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. அஞ்சாம் நாள் அக்கா போன்ல சொன்ன முதல் வார்த்தை, "குரூப்புல எல்லாருட்டயும் நான் இருக்கேன்னு சொல்லிரு". அப்ப அந்தக் குரூப்புல மொத்தம் ஆறு பேர்.

ஆக, திட்டத்தைத் திரும்ப எழுதினோம். நான் தட்டினேன், அக்கா சொன்னா. உங்க வீட்டுலயோ தெரிஞ்சவங்களுக்கோ இந்த மாதிரி ஒண்ணு வைக்கணும்னா உதவட்டும்னு அப்படியே தரேன்.

1. நேரம் சனிக்கிழமை காலை பத்தரை. வெயில் உச்சிக்கு ஏறலை, ராத்திரி தூங்கி எழுந்த தெம்பு இருக்கும். ஞாயிறு காலை எங்க ஊர்ல பூசை, அதனால அது கிடையாது.

2. பேச்சு இருபது நிமிஷம். அப்புறம் பத்து நிமிஷம் இடைவேளை, எல்லாரும் படுத்துக்கலாம். அப்புறம் இருபது நிமிஷம் கேள்வி. படுத்துக்கிட்டே கேட்டாலும் யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது.

3. டாக்டர் உண்டு, ஆனா மூணாவது மாசம்தான். அதுவும் சொற்பொழிவு இல்லை. கேள்விகளை ஒரு வாரம் முன்னாடியே குரல் செய்தியா வாங்கி அவருக்கு அனுப்பிடுவோம். கை நடுங்குறவங்களுக்கு டைப் அடிக்கிறது கஷ்டம். பேர் சொல்லாமலும் கேட்கலாம். சிறுநீர்ப் பிரச்னை, கல்யாணம், குழந்தை எல்லாம் அப்பதான் வெளியில வரும்.

4. ஸ்லைடு அதிகபட்சம் ஐந்து. பெரிய எழுத்து, ஒரு ஸ்லைடுல மூணு வரி. திரையில என்ன இருக்குன்னு பேசுறவர் வாயாலயும் சொல்லணும், கண் மங்கினவங்களுக்காக.

5. ஒலிப்பதிவு அன்னிக்கே குரூப்ல வந்துடும். பேச்சை எழுத்தாக்கி, நெட் இல்லாதவங்களுக்குத் தபால்ல அனுப்புறது என் வேலை.

6. ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஜோடி. வராதவங்களுக்கு ஜோடி ஆள் சாயங்காலம் போன் பண்ணணும். இது வெள்ளத்துல படிச்ச பாடம்.

7. நடுவுல முடியலைன்னா காரணம் சொல்லாமப் போயிடலாம். அதுக்கு ஒரு அடையாளம் வேணும்னேன். "கயித்த இழுத்துட்டுப் போயிர வேண்டியதுதான்"னா அக்கா. எங்க தாத்தா காலத்துல சங்கு குளிக்கிறவர் மூச்சு முட்டினா கயித்தை இழுப்பார், மேல வள்ளத்துல இருக்கிறவர் உடனே தூக்கிடுவார். ஏன் இழுத்தேன்னு யாரும் கேட்கிறதில்லை. அதனால சாட்ல "கயிறு"ன்னு ஒரு வார்த்தை போட்டா போதும்.

8. எட்டே வாரத்துல குணம்ங்கிற மருந்து வியாபாரிகளுக்கு இடமில்லை.

இதுக்கெல்லாம் ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டோம். ஒண்ணுலதான் ரொம்ப நாள் இழுத்துச்சு. கேமரா.

விஷயம் இதுதான். நோய் தெரிஞ்ச புதுசுல, வேற ஊர்ல நடந்த ஒரு கூட்டத்துக்கு நான்தான் அக்காவைக் கூட்டிட்டுப் போனேன். அன்னிக்கு அவ நல்லாவே நடந்தா. முதல் வரிசையில சக்கர நாற்காலியில அவளை விடக் கொஞ்சம் மூத்த ஒரு பெண் இருந்தாங்க. அக்கா அஞ்சு நிமிஷம் அவங்களையே பார்த்துக்கிட்டிருந்தா. அப்புறம் "போலாம்ல"ன்னா. பஸ்ல ஒரு வார்த்தை பேசலை. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் எந்தக் கூட்டத்துக்கும் வரலை. எல்லாருக்கும் நாற்காலி வரை போகாது, இப்ப இருக்கிற மருந்துகள்ல நிறையப் பேர் பல வருஷம் நடமாடுறாங்கன்னு அன்னிக்கு அவளுக்குச் சொல்ல ஆளில்லை. சொன்னாலும் காதுல ஏறியிருக்காது.

இப்ப அக்கா வாக்கர் வச்சு நடக்கிறா. முதல் பேச்சு அவளோடது. கேட்க வர்றவங்கள்ல போன மாசம்தான் பேர் தெரிஞ்ச ஒரு பொண்ணு இருக்கா. 22 வயசு.

"கேமரா வேண்டாம்க்கா. குரல் மட்டும் போதும்"னேன் நான். குரூப்ல பாதிப் பேர் அதையேதான் சொன்னாங்க. அக்காவும் சரின்னுட்டா. ரெண்டு நாள் கழிச்சு ராத்திரி பதினோரு மணிக்கு போன்.

"லேய், அந்த தட்டு ஒடச்ச புள்ளைய எல்லாரும் பாத்தாவ. அவ பேசி யாரும் கேக்கல. நான் பேச மட்டும் செஞ்சு மூஞ்சியக் காட்டலன்னா, ஒளிக்கிற மாரில்லா இருக்கு? அந்தப் புள்ள என்னத்த நினைக்கும்? இதவிட மோசமா இருக்கும் போலன்னு நினைக்கும்."

"அப்ப காட்டுதியா?"

"மொதல்ல காட்ட மாட்டேன். மொதப் பதினஞ்சு நிமிசம் பேசுதேன். நான் டியூசன் எடுக்கது, மீன் குழம்பு வைக்கது, ஒன் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கது எல்லாஞ் சொல்லுதேன். அவ ஒரு தடவயாவது சிரிக்கட்டும். பொறவு கேமராவப் போடு. வாக்கரும் தெரியட்டும். யாருன்னு தெரிஞ்ச பொறவு பாத்தா பயமிருக்காதுல."

நான் திட்டத்துல அதை ஒன்பதாவதாச் சேர்த்தேன். வர்ற சனிக்கிழமை பத்தரைக்கு முதல் பேச்சு. பதினஞ்சாவது நிமிஷம் கேமரா போட எனக்கு அலாரம் வச்சாச்சு. அந்தப் பொண்ணு அதுக்கு முன்னாடியே கயித்தை இழுத்துட்டாலும் இழுக்கலாம். அப்ப சாயங்காலம் அக்கா அவளுக்குப் போன் பண்ணுவா. அவளுக்கு ஜோடி அக்காதான்.

டிஸ்கி 1: இது மருத்துவ ஆலோசனை இல்லை. கண் திடீர்னு மங்கினாலோ, கை கால் மரப்பு நாள்கணக்கா நீடிச்சாலோ நரம்பியல் டாக்டரைப் பாருங்க. சீக்கிரம் மருந்து ஆரம்பிக்கிறது இந்த நோய்ல பெரிய வித்தியாசம் பண்ணும்.

டிஸ்கி 2: மாமாவுக்கும் லிங்க் அனுப்பியிருக்கேன். "ஆன்லைன் கிளாஸா? சர்டிஃபிகேட் உண்டா?"ன்னு கேட்டிருக்கார் :-)